நிலை கொள்ளாத தண்ணீர்

கிழமையில் ஆறு நாளும்
ஒரு மீற்றர் அகலம் எனக்கு.
சிவப்புத் தடி இரண்டுக்கு நடுவில்
முழங்காலில் நின்று,
உறங்குகிற பிள்ளையின் கண்பீளை எடுக்கிற மாதிரி
மண்ணை எடுக்கிறேன்.
கருவி கத்தினால் கை நிற்கும்.
அநேகமாக மீன்ரின் மூடி.
அநேகமாக.

ஞாயிறு, பூசை முடிந்தபின்
அளம்பில் கரையில் மடுத்தீனின் வள்ளம்.
மற்ற நாளில் அட்டைக்குச் சுழியோடுகிறவன்
இன்றைக்குக் கண்ணாடியும் குழாயும் வாடகைக்குத் தருகிறான்.
என்னிடம் காசு வாங்க மாட்டான்,
அவன் காணியைத் துப்புரவாக்கியது எங்கள் அணி.
"தென்னம்பிள்ளை வைச்சிட்டன் அக்கா.
கிடங்கு வெட்டேக்கை மட்டும் கை நடுங்கினது."

இருபது நிமிட ஓட்டம்.
ஆனைப்பார் முதுகை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்தது,
கறுப்பாய், நீர்க்காகங்களின் எச்சம் வழிந்து.
போன மாதம் வந்த வெள்ளைக்காரர்
எரிமலைக் குழம்பு உறைந்த கல் என்றாராம்.
மடுத்தீனும் தலையாட்டினானாம்.
நெருப்பு விழுந்த இடம் என்று
எதைக் காட்டினாலும் நம்புவோம் நாங்கள்.
பேராதனையில் கல்லும் மண்ணும் படிக்கிற அவன் மச்சாள் சிரித்தாளாம்:
எரிமலை இந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை,
இது அதைவிடக் கிழடு.

கண்ணாடிக்குள் துப்பிக் கழுவினேன்.
குழாயைக் கடித்தேன், றப்பர் கசப்பு.
முதல் மூச்சில் உப்பு.
அடுத்ததில் என் மூச்சின் சத்தம்,
முகக்கவசத்துக்குள்
வேலைநாளில் கேட்கிற அதே சத்தம்.

குனிந்தேன்.

பொந்துக்குப் பொந்து ஒரு குடித்தனம்.
கிளாத்தி கல்லைக் கொத்துகிறது, கொத்துவது கேட்கிறது.
அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடுகிறது,
சொல்ல வந்ததை மறந்த சாட்சிக்காரன் போல.
சிங்கி இறாலின் மீசை மட்டும் வெளியே.
மஞ்சள் குஞ்சுகள் சில
என் நிழலுக்குள் ஒதுங்கின, நான் ஏதோ மரம் என்று.

"ஒண்டையும் தொடாதீங்கோ,
கல்லுமீன் கல்லு மாதிரியே கிடக்கும்."
எனக்குச் சொல்கிறான்!

அப்போதுதான் கால் ஞாபகம் வந்தது.
இரண்டும் பின்னால் எங்கேயோ
தங்கள் பாட்டில் ஆடிக்கொண்டிருந்தன.
அடுத்த அடி எங்கே என்று
ஒன்பது வருடமாகக் கேட்டுக் கேட்டே நடந்த கால்கள்.
"அங்கால போகாதீங்கோ, நிலை கொள்ளாது!"
மேலே வள்ளத்திலிருந்து கத்தினான்.
நான் அங்கால போனேன்.

மூச்சைக் கட்டித் தலைகீழாய் இறங்கினேன்.
காது குத்தியது. மூக்கைப் பொத்தி ஊதினேன்.
பாரின் அடிவாரத்தில் வெறும் மணல்,
மணலில் ஒரு வட்டம்.
சோற்றுக்கோப்பை அளவு.
விளிம்பு மட்டும் தெரிய,
மிச்சம் மூடி.

உடம்பு முழுக்கக் கத்தியது.
தண்ணீருக்குள் எப்படி நிற்பது?
நிற்க ஏலாமல்
மெல்ல மெல்ல அதன்மேல் மிதந்துபோனேன்.
வட்டத்துக்குக் கண் இருந்தது.
இரண்டு கண். என்னைப் பார்த்தது.
பிறகு ஓரத்தை ஒருதரம் உதறியது,
மணல் புகையாய்ச் சரிய
வாலை நீட்டிக்கொண்டு எழுந்து
ஆழத்துப் பக்கம் போயிற்று திருக்கை.

புதைந்து கிடந்த ஒன்று
ஒருவரையும் கூப்பிடாமல்
தானாக எழுந்து போனதை
அன்றைக்குத்தான் கண்டேன்.

மேலே வந்து இருமினேன், சிரித்தேன்,
மூக்கால் கடல் கொட்டியது.
"என்ன கண்டனீங்கள்?"
"திருக்கை."
"பெரிசோ?"
கையை விரித்துக் காட்டினேன்.
"சீ, சின்னன். ஒரு கறிக்கும் காணாது."

திங்கட்கிழமை பத்து மணி வெயில்.
தடிகளுக்கு நடுவில் தலையைச் சரித்தபோது
காதுக்குள் தங்கியிருந்த கடல்
வெதுவெதுப்பாய் இறங்கிக்
கழுத்துப்பட்டைக்குள் போனது.